கவுன்ட்டர்ல போய் "ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொல்லாதீங்க

அப்போ எனக்கு 35வது வாரம். வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அம்மா வீடு வடசென்னை கொருக்குப்பேட்டையில, ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட. அந்த கேட்டைத் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

என் பிள்ளைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தா ஒன்பதரைக்கு மேல வலது விலாப் பக்கம் ஆட்டம் ஆரம்பிக்கும். அந்த வியாழக்கிழமை ஆட்டம் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க எப்பவாவது லேசாப் புரண்ட மாதிரி, அவ்வளவுதான். "மாசம் நெருங்குதுல்ல, உள்ள எடம் ஏது, அடங்கித்தான் கெடக்கும்"னு அம்மா சொன்னாங்க. ஆயா சோம்புக் கஷாயம் வெச்சுக் கொடுத்தாங்க. பக்கத்து வீட்டு அக்கா, ஜில்லுனு ஜூஸ் குடிச்சா குழந்தை துள்ளும்னாங்க. ரெண்டையும் குடிச்சேன். போதாததுக்கு, ஸ்கேன்ல நஞ்சுக்கொடி முன்பக்கம்னு போட்டிருந்ததால உதைக்கிறது தெரியலைன்னு நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். இப்படியே பொழுது சாஞ்சது. அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. என் மேலதான்.

ஏழு மணிக்கு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து எண்ண ஆரம்பிச்சேன். ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவு வரணும்னு செக்கப்ல சொல்லியிருந்தாங்க. வந்தது நாலு. வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு நேரா இங்க வந்திருந்தார். அவர் ஆட்டோ பிடிச்சார். கேட் போட்டிருந்தது. ஒரு கூட்ஸ் போச்சு, திறக்கலை; இன்னொன்னு எதிர்ப்பக்கம் வந்தது. இருபத்தைஞ்சு நிமிஷம். அந்த இருபத்தைஞ்சு நிமிஷமும் வயித்துல கை வெச்சபடியே உட்கார்ந்திருந்தேன்.

பதிவு பண்ணியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனா கவுன்ட்டர்ல ஒருத்தர். தலை நிமிராமலே, "ஃபைல்?"

ஃபைல் திருவொற்றியூர்ல, மாமியார் வீட்டு பீரோவுல. வளைகாப்பு அன்னைக்கு வளையல் பெட்டியைக் கூட மறக்காம எடுத்து வெச்ச நாங்க, அதை விட்டுட்டோம்.

"பிக்மி நம்பராவது சொல்லுங்க."

கர்ப்பத்தை அரசுல பதிவு பண்ணும்போது கொடுக்கிற நம்பர் அது. பன்னெண்டு இலக்கத்தை யாரு மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பாங்க?

"சரி, இன்னா பிரச்சனை?"

இங்கதான் நான் தப்புப் பண்ணேன். கூட்டத்துல கூச்சமா இருந்தது. "ஒரு மாதிரி இருக்குங்க"ன்னேன். வலி இருக்கா, ரத்தம் படுதா, தண்ணி உடைஞ்சுதான்னு வரிசையா கேட்டார். மூணுக்கும் இல்லைன்னேன். "அப்போ காலையில ஓ.பி.க்கு வாங்க. நம்பர் இல்லாம என்ட்ரி போட முடியாது."

வீட்டுக்காரர் ஃபைல் எடுக்கத் திருவொற்றியூருக்கு ஓடினார். நானும் அம்மாவும் பெஞ்சுல முக்கால் மணி நேரம். தரை துடைச்சிட்டிருந்த அக்கா ஒருத்தங்கதான் என் முகத்தைப் பார்த்துட்டு வந்து கேட்டாங்க. விஷயத்தைச் சொன்னேன். "புள்ள ஆடலையா? அத்த சொல்றதுக்கு இன்னாம்மா உனுக்கு? நேரா லேபர் வார்டு கதவாண்ட போ, போ!"

போய் சிஸ்டர்கிட்ட ஒரே மூச்சில சொன்னேன்: "35 வாரம், நேத்து ராத்திரியில இருந்து குழந்தை அசைவு குறைஞ்சிருக்கு." ரெண்டே நிமிஷத்துல கட்டில்ல இருந்தேன். ஃபைலைப் பத்தி யாரும் மூச்சு விடலை. வயித்துல ரெண்டு பட்டையைக் கட்டி இதயத்துடிப்பைப் பதிவு பண்ணாங்க. இருபது நிமிஷம்னாங்க, குழந்தை தூங்கிட்டிருந்ததால நாற்பது ஆச்சு. துடிப்பு நல்லா இருந்தது. மறுநாள் ஸ்கேன்ல வளர்ச்சி, நீர், ரத்த ஓட்டம் எல்லாம் சரி.

டாக்டரம்மா கஷாயக் கதையைக் கேட்டுத் திட்டினாங்க. கடைசி மாசத்துல அசைவோட தினுசு மாறலாம், உதைக்கிறது உருள்ற மாதிரி தெரியலாம், ஆனா குறையக் கூடாதாம். நஞ்சு முன்பக்கம் இருந்தா ஆரம்பத்துல அசைவு தெரிய லேட்டாகும். தெரிஞ்சு பழகின அசைவு குறைஞ்சா அதைக் காரணமாச் சொல்லக் கூடாதாம். எண்ணிக்கை பத்து வந்தாலும் வழக்கத்தை விடக் குறைவுன்னு தோணினா வரணும், ஒண்ணுமே இல்லைன்னா ரெண்டு மணி நேரம் எண்ணிட்டிருக்கவும் கூடாதுன்னாங்க. துடிப்பு கேட்கிற சின்னக் கருவியை ஆன்லைன்ல வாங்கலாமான்னு வீட்டுக்காரர் கேட்டார். வேண்டவே வேண்டாம், அம்மாவோட துடிப்பையே குழந்தையோடதுன்னு நம்பி வீட்டுல இருந்துடுவீங்கன்னுட்டாங்க.

நான் திருவொற்றியூருக்கே திரும்பிட்டேன். அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனா அந்த கேட்டை இன்னொரு தடவை என்னால நம்ப முடியாது.

37வது வாரம் மறுபடியும் அதே மாதிரி. இந்தத் தடவை தடுத்தது கூச்சம் இல்லை, வெட்கம். போன தடவை ஒண்ணுமில்லைன்னு அனுப்பினாங்களே, திரும்பப் போனா "இவளுக்கு வேற வேலை இல்லை"ன்னு நினைப்பாங்களோன்னு. அரை மணி நேரம் அப்படியே போச்சு. அத்தைதான், "திட்டினா வாங்கிக்கலாம், கெளம்பு"ன்னாங்க. ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்னது. தேரடி ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறிட்டோம். யாரும் திட்டலை. துடிப்பு பரவாயில்லை, ஸ்கேன்ல பனிக்குட நீர் குறைஞ்சிருந்தது. அன்னைக்கே சேர்த்துட்டாங்க. மருந்து வெச்சு வலி வரவழைச்சாங்க. மறுநாள் மதியம் பொண்ணு, 2.6 கிலோ.

டிஸ்சார்ஜ் அன்னைக்குப் பிறப்புப் பதிவுக்கு அதே கவுன்ட்டர், அதே ஆள். "பிக்மி நம்பர்?" ஃபைலோட ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல படம் எடுத்து வெச்சிருந்தேன். காட்டினேன். "ஒரிஜினல் இருக்கா?" அத்தை மஞ்சப்பையில இருந்து ஃபைலை எடுத்து மேசை மேல வெச்சாங்க, கூடவே மூணு ஜெராக்ஸ். அவர் ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியைத் தள்ளினார், அப்பவும் தலை நிமிராம.