வேலூரில் இருந்து கருங்கடல்

"கடலே இல்லாத ஊர்ல உட்கார்ந்து என்னப்பா கடல் ஆராய்ச்சி?" என்று சத்துவாச்சாரி டீக்கடையில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பார்ப்பது கருங்கடலை; உக்ரைன் போரால் அதன் வடகரையில் இப்போது ஆராய்ச்சிப் படகு நினைத்தபடி போக முடியாது, கண்ணிவெடி மிதக்கிறது. செயற்கைக்கோள் படம்தான் கதி. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் இலவசம், வீட்டில் கரண்ட் இருந்தால் போதும்.

2023 ஜூன் 6 அன்று உக்ரைனில் நிப்ரோ ஆற்றின் ககோவ்கா அணை உடைந்தது. சுமார் 18 கன கிலோமீட்டர் தண்ணீர் பிடிக்கும் நீர்த்தேக்கம். அடுத்தடுத்த படங்களில் கலங்கல் நீர் நிப்ரோ ஆற்றின் வாயிலிருந்து ஒடேசா துறைமுகம் பக்கம் பரவுவது தெரிகிறது. கொஞ்ச நாளில் அந்தப் பழுப்பு பச்சையாகிறது. அடித்து வந்த சத்தைத் தின்று பாசி பெருகிவிட்டது.

எல்லாப் பழியையும் போர் மேல் போடவும் முடியாது. 1980களில் கப்பல்கள் எடைக்காக நிரப்பி வந்த தண்ணீரில் ஜெல்லிமீன் போன்ற ஒரு சீப்பு ஜெல்லி (comb jelly) வந்து சேர்ந்தது. நெத்திலிக் குஞ்சுகளின் இரையைத் தின்று மீன்பிடியையே சாய்த்தது. பழைய காயம் எது, புதுக் காயம் எது என்று பிரிப்பதில்தான் பாதி வேலை.

வற்றிய நீர்த்தேக்கத்தில் இப்போது வில்லோ காடு முளைத்திருக்கிறது, பார்க்க ஜோர். அடியில் நச்சான கன உலோகங்கள் படிந்த சேறு. ராணிப்பேட்டையில் ஆலைக் கழிவாகக் கிடக்கும் குரோமியக் குவியலைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரி, பாலாற்றுப் பக்கம் சேற்று மாதிரி எடுத்த அனுபவம் உள்ளவர்கள் நட்பில் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், நிறையக் கேட்க வேண்டும்.