எம்எஸ் மேக்ரோவிலிருந்து இணையப் பக்கம் வரை

மென்பொருள் கையேடுகளை நான் எழுதுவது வெறும் உரைக் கோப்புகளில்தான். தலைப்புக்கு முன்னால் ஒரு வரி, பத்தி தொடங்கும் இடத்தில் ஒரு வரி, இரண்டும் புள்ளியில் தொடங்கும். மற்றபடி கோப்பு முழுவதும் சாதாரண வாக்கியங்கள். அந்தப் புள்ளி வரிகளே எம்எஸ் மேக்ரோக்கள், அதாவது பல வடிவமைப்புக் கட்டளைகளை ஒரே பெயரில் அடக்கிய சுருக்கங்கள். கோப்பை ஜி-ராஃப் என்ற அச்சமைப்பு நிரலிடம் கொடுத்தால் எண்ணிட்ட தலைப்புகள், அடிக்குறிப்புகள், பக்க எண்களோடு அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் வந்துவிடும். இதே கையேடுகளை இணையப் பக்கங்களாகவும் தர வேண்டிய நிலை வந்தபோது, எல்லாவற்றையும் எளிய குறியீட்டு வடிவமான மார்க்டவுனுக்கு மாற்றிவிடு என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மாற்றியிருந்தால் இணையப் பக்கம் சுலபமாகக் கிடைத்திருக்கும். நன்றாக அமைந்திருந்த பிடிஎஃப் கையைவிட்டுப் போயிருக்கும். மூலக் கோப்பு ஒன்றுதான், அதிலிருந்தே இரண்டும் வர வேண்டும் என்ற பிடிவாதத்தோடு இறங்கினேன்.

இந்தக் கருவிகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் சிக்கல்கள் பாதிக்கு அதுதான் காரணம். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் ஜோ ஒசானா டி-ராஃப் என்ற அச்சமைப்பு நிரலை எழுதியது, கேட் என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்தை ஓட்டுவதற்காக. 1977இல் அவர் மறைந்த பிறகு பிரையன் கெர்னிகன் அதை எந்த இயந்திரத்தையும் சாராதபடி திருத்தி அமைத்தார். எம்எஸ் மேக்ரோக்கள் மைக் லெஸ்க் ஆக்கியவை. இன்று நாம் பயன்படுத்தும் ஜி-ராஃப், அதே டி-ராஃப்பை ஜேம்ஸ் கிளார்க் புதிதாக எழுதி 1990இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் கோணக் குறிகளால் உரையைக் குறிக்கும் எக்ஸ்எம்எல் மொழியை வகுத்த குழுவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவரும் இதே கிளார்க்தான். புள்ளி வரிகளின் உலகத்தையும் கோணக் குறிகளின் உலகத்தையும் உள்ளும் புறமும் அறிந்தவர். நானோ இரண்டுக்கும் நடுவில் நின்று பாலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஜி-ராஃப்பிலேயே இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல்லில் வெளியீடு உண்டு. பெரிய டி (-T) ஆப்ஷனில் பிடிஎஃப் என்று எழுதும் இடத்தில் எச்டிஎம்எல் என்று எழுதினால் போதும். தலைப்புகளைத் திரட்டிப் பக்கத்தின் உச்சியில் சுட்டிகளாக அதுவே வைத்துவிடும். இணைப்புகளுக்கென்று தனி மேக்ரோத் தொகுப்பும் கூடவே வருகிறது: முகவரியையும் விளக்கத்தையும் கொடுத்தால், இணையத்தில் சொடுக்கக்கூடிய சுட்டியாகவும் அச்சில் விளக்கமும் முகவரியுமாகவும் அமையும். ஒரே ஒரு கட்டுரையை ஒரே ஒரு முறை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பவர் இங்கேயே நின்றுவிடலாம், நிஜமாகவே போதும்.

எனக்குப் போதவில்லை. உலாவியில் பக்கம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். பத்திகளைக் குறிக்கும் கோணக் குறிக்குள்ளேயே, அதாவது டேக்குக்குள்ளேயே, மேல் இடைவெளி இவ்வளவு, இடது இடைவெளி இத்தனை சதவீதம் என்று பாணி எழுதப்பட்டிருந்தது. ஐபி மேக்ரோ போட்டு எழுதிய பட்டியல்கள் பட்டியல்களாக வரவில்லை. அகலம் குறிக்கப்பட்ட அட்டவணைகளாக வந்தன. டி-ராஃப் முதலில் பக்கத்தை அமைத்து முடிக்கிறது. எது எங்கே, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற கணக்கு மட்டுமே பின்னால் இருக்கும் எச்டிஎம்எல் நிரலுக்குப் பெருமளவு போய்ச் சேருகிறது. அது அந்தக் கணக்கிலிருந்து ஆவணத்தின் உருவத்தை ஊகிக்கிறது. ஊகம் பெரும்பாலும் சரிதான், ஆனால் பக்கத்தின் தோற்றத்தை நிர்ணயிக்கும் என் பாணிக் கோப்பு (சிஎஸ்எஸ்) ஒட்டிக்கொள்ள அங்கே இடமே இல்லை.

சில்லறைத் தொல்லைகளும் இருந்தன. சமன்பாடுகளையும் பிக் மொழியில் வரைந்த படங்களையும் அது கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் வழியாகப் பிஎன்ஜி படங்களாக மாற்றுகிறது. அந்தப் படக் கோப்புகளின் பெயரில் இயங்கும் செயல்முறையின் எண் சேர்ந்துவிடுவதால், ஓட்டும் ஒவ்வொரு முறையும் புதுப் பெயர். பெயரின் முன்பகுதியை நாமே நிர்ணயிக்க பெரிய ஐ (-I) என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதைக் கொடுத்தால் இது தீரும். உருவாக்கிய தேதி கோப்பின் தலையில் குறிப்பாக எழுதப்படுவதால், ஓர் எழுத்துகூட மாறாத பக்கமும் கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் நிரலில் மாறியதாகவே காட்டும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது கட்டளைகளில் வரும் சிறு கோடு. பின்சாய்வுக் கோட்டுக்குப் பின் சிறு கோடு என்று மூலத்தில் எழுதினால், பக்கத்தில் அது கணிதக் கழித்தல் குறியாக விழுகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வாசகர் கட்டளையை நகலெடுத்து முனையத்தில் ஒட்டினால் அது ஓடாது. ஏன் ஓடவில்லை என்று அவருக்கும் புரியாது.

ஆகவே வழியை மாற்றினேன். எம்எஸ் தொகுப்பில் இருக்கும் அதே பெயர்களில் இன்னொரு மேக்ரோக் கோப்பை எழுதுவது. அச்சுக்கு ஓட்டும்போது பத்தி மேக்ரோவான பிபி என்றால் இடைவெளி விட்டு உள்தள்ளு என்று பொருள். இணையத்துக்கு ஓட்டும்போது அதே பிபி பத்திக்கான டேக்கை எழுத்தாகவே வெளியே தள்ளும். டி-ராஃப்பைப் பொறுத்தவரை அந்த டேக்கும் ஒரு சொல்தான். வெளியீட்டு வடிவத்தை ஜி-ராஃப்பில் சாதனம் என்பார்கள்; எச்டிஎம்எல் சாதனத்தைக் கைவிட்டு, முனையத்துக்கான யூடிஎஃப்-8 சாதனத்தில் ஓட்டி, வருவதைக் கோப்பில் பிடித்துக்கொள்ள வேண்டும். சொற்களை உடைப்பதையும் வரிகளை இரு ஓரமும் சமன்செய்வதையும் முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வரி முடிவில் வெட்டப்பட்ட சொல் இணையப் பக்கத்தின் நடுவில் கோட்டோடு வந்து நிற்கும்.

இங்கேதான் இரண்டு உலகங்களும் உண்மையில் முட்டிக்கொள்கின்றன. அச்சு மேக்ரோக்களுக்குத் தொடக்கம் மட்டுமே தெரியும். பிபி என்றால் இங்கிருந்து பத்தி. அது எங்கே முடிகிறது என்று யாரும் எழுதுவதில்லை, அடுத்த மேக்ரோ வந்தால் முந்தையது முடிந்தது என்று அர்த்தம். தலைப்பும் அப்படியே: எஸ்எச் என்று போட்டுவிட்டு அடுத்தடுத்த வரிகளில் தலைப்பை எழுதிக்கொண்டே போகலாம், பத்தி மேக்ரோ வரும்வரை அது தலைப்புதான். எச்டிஎம்எல்லுக்கோ திறந்த கதவை மூடியாக வேண்டும். பத்திக்கு மூடும் டேக் இல்லாவிட்டால் உலாவி சமாளித்துக்கொள்ளும். தலைப்பை மூடாமல் விட்டால் கீழே வரும் பக்கம் முழுவதும் பெரிய எழுத்தில் நிற்கும்.

தீர்வு சின்னதுதான், ஆனால் மொத்தக் கோப்பும் அதன்மேல்தான் நிற்கிறது. இப்போது எது திறந்திருக்கிறதோ அதை மூடும் டேக்கை ஒரு சரத்தில், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் மாறியில், வைத்துக்கொள்வது. ஒவ்வொரு மேக்ரோவும் முதல் வேலையாக அந்தச் சரத்தை வெளியே எழுதும். பிறகு தன்னுடைய டேக்கைத் திறக்கும். தன்னை மூட வேண்டிய டேக்கைச் சரத்தில் வைத்துவிட்டுப் போகும். ஆவணம் முடியும்போது தானாக ஓடும்படி ஒரு மேக்ரோவைப் பதிவு செய்ய டி-ராஃப்பில் வசதி உண்டு. கடைசிக் கதவை அது மூடும். பட்டியலுக்கு மட்டும் இது போதாது. அடுத்த ஐபி வந்தால் உருப்படியை மட்டும் மூட வேண்டும், பிபி வந்தால் உருப்படியையும் பட்டியலையும் சேர்த்து மூட வேண்டும். பட்டியலுக்குள் பட்டியல் என்றால் ஆர்எஸ், ஆர்இ மேக்ரோக்கள் வரும். ஆழத்தை எண் சேமிக்கும் மாறியான ரெஜிஸ்டர் ஒன்றில் எண்ணிக்கொண்டு, சரத்தின் பெயரோடு அந்த எண்ணை ஒட்டினேன். ஆழத்துக்கு ஒரு சரம். பெயருக்குள் ரெஜிஸ்டரின் மதிப்பைச் செருகலாம் என்பது இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து இரண்டிலும் கறாராக இருக்க வேண்டியிருந்தது. வரிக்கு நடுவே பின்சாய்வுக் கோட்டோடு எழுத்துருவை மாற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் திரும்பி வரும் குறிக்கு 'முந்தைய எழுத்துரு' என்றுதான் பொருள். எதை மூட வேண்டும் என்று அது சொல்வதில்லை. எனவே என் கையேடுகளில் பி (தடித்தது), ஐ (சாய்ந்தது) மேக்ரோக்களை மட்டும் வைத்துக்கொண்டேன். முதல் உள்ளீடு சொல், இரண்டாவது அதை ஒட்டி இடைவெளியில்லாமல் வர வேண்டிய காற்புள்ளி போன்றவை, மூன்றாவது முன்னால் வர வேண்டிய அடைப்புக்குறி. டேக்கை எங்கே மூட வேண்டும் என்பது இதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது.

அடுத்தது கோணக் குறியும் & குறியும். உரையில் வரும் இவற்றை டி-ராஃப்புக்குப் போகும் முன்பே, உரையைத் தேடி மாற்றும் செட் நிரலால் எச்டிஎம்எல் வடிவுக்கு மாற்றுகிறேன். & முதலில், கோணக் குறிகள் பிறகு; வரிசை மாறினால் புதிதாகப் பிறந்த & குறிகளும் இரண்டாம் முறை மாறிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாத பொறி வேறு இடத்தில் இருக்கிறது. புள்ளியில் தொடங்கும் வரியை மேக்ரோ என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க, டி-ராஃப்பில் அந்த வரியின் முன்னால் \& என்று எழுதுவது வழக்கம்; அதற்கு அகலமே இல்லை, எதுவும் அச்சாகாது. செட் அதிலும் கைவைத்து, & குறியை & என்று மாற்றிவிடுகிறது. அப்போது டி-ராஃப் \& என்ற பகுதியைத் தனக்குரியதாக விழுங்கிவிட்டு, மிச்சமிருக்கும் ஏஎம்பி என்ற மூன்று எழுத்தையும் அரைப்புள்ளியையும் உரையாக எழுதும். புள்ளியில் தொடங்கும் கோப்புப் பெயர்களைப் பற்றிய அத்தியாயத்தில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் இந்த வால் ஒட்டிக்கொண்டு நின்றது. ஜி-ராஃப்பில் \) என்ற குறியும் அகலமில்லாததுதான். மற்ற மாற்றங்களுக்கு முன்பு \& எல்லாவற்றையும் அதுவாக மாற்றும் ஒரு வரியைச் செட் நிரலின் தலையில் சேர்த்ததும் சரியானது.

சிறு கோடு இங்கேயும் விடவில்லை. யூடிஎஃப்-8 சாதனத்தில் சாதாரண சிறு கோடு, அச்சுக்கலைக்குரிய ஹைஃபனாக மாறி வருகிறது; யூனிகோடில் அது வேறு எழுத்து. விளைவு, பக்கத்தின் தலையில் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வரியிலேயே அந்த ஹைஃபன் போய் உட்கார்ந்துகொண்டது. குறியேற்றத்தை அறிவிக்கும் சொல்லே கெட்டுப்போனால் உலாவி எதை நம்பும்? பாணிக் கோப்பில் வைத்திருந்த வகுப்புப் பெயர்களும் பொருந்தாமல் போயின. எழுத்தின் வடிவத்தை மாற்றி வரையறுக்கும் கட்டளை ஜி-ராஃப்பில் இருக்கிறது. சிறு கோட்டை 45ஆம் எண் எழுத்தாகவே அச்சிடு என்று மேக்ரோக் கோப்பின் முதல் வரிகளிலேயே எழுதிவிட்டேன். ஒற்றை மேற்கோள் குறிக்கும் இதே வைத்தியம். உள்ளீட்டுப் பக்கம் இன்னொன்று: ஆங்கிலம் அல்லாத எழுத்து எதுவாக இருந்தாலும் பெரிய கே ஆப்ஷனில் யூடிஎஃப்-8 என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பைட்டுகளைத் தனித்தனி லத்தீன் எழுத்துகளாக எடுத்துக்கொண்டு குப்பையைக் கொட்டும்.

அடிக்குறிப்புகள்தான் எனக்கு அதிக இன்பம் தந்த பகுதி. எஃப்எஸ், எஃப்இ இரண்டுக்கும் நடுவே வரும் உரையைப் பக்கத்தில் எழுதாமல் ஓர் ஒதுக்கிடத்தில் சேர்த்துக்கொண்டே போகச் சொல்லலாம். இறுதி மேக்ரோ அதை மொத்தமாகக் கீழே கொட்டும். குறிப்பு எண்ணிலிருந்து கீழே போகவும் கீழிருந்து மேலே வரவும் சுட்டிகள். இந்த எண்ணை எழுதும் இடத்தில் பின்சாய்வுக் கோட்டை இரண்டு முறை போட வேண்டும். மேக்ரோவை வரையறுக்கும்போதே டி-ராஃப் அதன் உடலை ஒருமுறை படித்துவிடுகிறது. ஒற்றைக் கோடு இருந்தால் அந்த நொடியில் ரெஜிஸ்டரின் மதிப்பு என்னவோ அது நிரந்தரமாகப் பதிந்துவிடும். அந்த நொடியில் மதிப்பு 0. அப்படி எழுதினால் எல்லாக் குறிப்புக்கும் எண் 0 என்று வரும். இரட்டைக் கோடு என்றால் முதல் வாசிப்பில் ஒன்று கழிந்து, மேக்ரோ ஓடும்போது மற்றது வேலை செய்யும். டி-ராஃப் மேக்ரோக்களைப் பார்த்து மிரளுகிறவர்கள் மிரளுவது பெரும்பாலும் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான். இந்த ஒரு விதி பிடிபட்டால் பிறர் எழுதியதையும் படிக்க முடிகிறது.

பக்க நீளம் பற்றி ஒரு வார்த்தை. முனையச் சாதனம் 66 வரியை ஒரு பக்கமாகக் கொள்கிறது. ஆவணம் பாதிப் பக்கத்தில் முடிந்தாலும் மீதியை வெற்று வரிகளால் நிரப்பும். இறுதி மேக்ரோவில் பக்க நீளத்தை அப்போதைய இடத்துக்கே சுருக்கிவிட்டால் வால் இல்லாமல் முடியும்.

அட்டவணைகளை மட்டும் என் மேக்ரோக்கள் தொடுவதில்லை. டிபிஎல் நிரல் அவற்றை டி-ராஃப்புக்கு முன்பே கோடுகளும் நகர்வுகளுமாகப் பிரித்துப்போட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு வரிசை எது, நெடுவரிசை எது என்று மீட்க வழியில்லை. எளிய அட்டவணைகளை டிபிஎல்லுக்குப் போகுமுன் ஆக் நிரலில் எழுதிய சிறு துண்டு எச்டிஎம்எல் அட்டவணையாக்குகிறது. கட்டங்கள் இணைந்த சிக்கலான அட்டவணையோ சமன்பாடுகளோ நிறைந்த கையேடுகளை இன்னமும் ஜி-ராஃப்பின் சொந்த எச்டிஎம்எல் சாதனத்திடமே விட்டிருக்கிறேன். எந்தக் கோப்பு எந்த வழியில் போக வேண்டும் என்பது, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் மேக் (make) நிரலுக்கான கோப்பில் இருக்கிறது. ஒரு கட்டளையில் பிடிஎஃப்பும் இணையப் பக்கமும் சேர்ந்தே உருவாகின்றன.

யூனிக்ஸ் கட்டளைகளுக்கான கையேட்டுப் பக்கங்களை மட்டுமே இணையத்தில் ஏற்ற வேண்டியவர்கள் இந்தப் பாதையில் நடக்கவே வேண்டாம். அவற்றுக்கு மேன்டாக் என்ற நிரல் இருக்கிறது. கையேட்டுப் பக்கங்களுக்கான எம்டாக் மேக்ரோக்கள் இது ஆப்ஷன், இது கோப்புப் பெயர் என்று பொருளைச் சொல்லியே குறிக்கின்றன. மேன்டாக் அதை நேரடியாகப் படித்து, பாணிக் கோப்பு ஒட்டிக்கொள்ளும்படியான சுத்தமான எச்டிஎம்எல்லைத் தருகிறது.