வெறுங்கால் நாட்குறிப்பு: மாசி முதல் சித்திரைப் பௌர்ணமி வரை

2025 மார்ச் 1, சனி

சித்திரைப் பௌர்ணமிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. அன்றிரவு வெறுங்காலோடு சுற்றப்போகும் திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. பெரும்பகுதி தார்ச்சாலை, ஓரத்தில் நடைபாதைக் கல். வருடம் முழுக்க ஷூவுக்குள் கிடந்த பாதத்தை ஒரே இரவில் அதன்மேல் இறக்கினால், பாதி வழியிலேயே முன்பாதம் கொப்புளிக்கும், கெண்டைக்கால் இறுகும். வேண்டுதல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தார் விட்டுக்கொடுக்காது. பழக்கம்தான் ஒரே வழி.

முதல் வாரத்துக்கு மொட்டைமாடி சிமென்ட் தரை போதும். விடியலில் 10 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். புல்தரையில் தொடங்குவதுதான் சுகம் என்று பலர் சொல்வார்கள். புல் மறைக்கும், சிமென்ட் மறைக்காது. ஓட்டாஞ்சில்லு கிடந்தால் கண்ணில் படும். நடையில் இருக்கும் குற்றமும் காதில் விழும். ‘தொப், தொப்’ என்று கேட்டால் குதிகாலை ஓங்கி வைக்கிறீர்கள் என்று அர்த்தம். எட்டு வைக்கும் தூரத்தைக் குறைத்து, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே வைத்தால் சத்தம் அடங்கிவிடும்.

மொத்த நடையைச் செருப்போடு கூட்டுங்கள். அதற்குள் வெறுங்கால் பங்கை மெல்ல ஏற்றுங்கள். இரண்டாம் வாரம் 15 நிமிடம், நான்காம் வாரம் 35, ஆறாம் வாரம் ஒரு மணி நேரம். எட்டாம் வாரத்தில் ஒரே ஒரு நாள் இரண்டு மணி நேரம். தோல் சில வாரத்தில் பழகிக்கொள்ளும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் வேண்டும். தோல் தயாராகிவிட்டதே என்று தூரத்தைத் தாவிக் கூட்டுகிறவர்களுக்குத்தான் பாதத்தின் மேற்புறம், விரல்களுக்குப் பின்னால், விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலி வரும். அந்த வலி வந்தால் வெறுங்கால் நடையை அன்றே நிறுத்தவேண்டும். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம்.

மார்ச் 3, திங்கள்

யார் நடக்கக் கூடாது என்பதை இரண்டாவது குறிப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். வீட்டில் செய்ய எளிய வழியும் உண்டு. கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடட்டும், அழுத்த வேண்டாம். ஆறு தொடலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் வெறுங்கால் நடையை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கோயில் பிரகாரத்தில் இவர்களுக்கு நடப்பது இதுதான்: உச்சிவெயிலில் கல் சுடுவது தெரியாது. வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியும். விடியற்காலை தரிசனம், அனுமதி இருக்கும் இடத்தில் கெட்டியான பருத்திக் காலுறை, இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது என்று இருக்கட்டும். கிரிவலப் பாதை பொதுச் சாலைதான். செருப்போடு சுற்றுவதில் குறை ஒன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

இந்த வாரம் செம்மண். பள்ளி மைதானமோ, டிராக்டர் போய்ப்போய் இறுகிய வண்டித்தடமோ கிடைத்தால் விடாதீர்கள். காலை ஆறு மணிக்குச் செம்மண் மேலே குளிர்ந்து, அடியில் முந்தைய நாள் சூட்டை மிச்சம் வைத்திருக்கும். பெருவிரல் லேசாகப் புதையும் இடத்தில் அந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும். செருப்புக்காரர்களுக்குக் கிடைக்காத சுகம் இது.

காய்ப்பு பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. உள்ளங்கால் தடித்தால் மரத்துப்போகும் என்பார்கள். ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு கென்யாவிலும் அமெரிக்காவிலும் பாதங்களைச் சோதித்து 2019-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. நடந்து நடந்து வந்த காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் உள்ளங்காலின் தொடுவுணர்வு குறையவில்லை. மெத்தென்ற ஷூதான் தரையிலிருந்து வரும் தகவலை மாற்றுகிறது. ஆகவே காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள். ஒரே புள்ளியில் கடினமாகி, அழுத்தினால் ஊசி குத்துவதுபோல் வலிப்பது கால் ஆணி. அது வேறு விஷயம். பெரும்பாலும் இறுக்கமான செருப்பு, ஷூவால் வருவது.

மார்ச் 16, ஞாயிறு

முள். இதைப் பற்றி ஒரு நாள் முழுக்க எழுதலாம்.

நெருஞ்சியின் காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். துண்டு எப்படிக் கிடந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். விதை பரப்ப அது கண்ட வழி. மஞ்சள் பூ தரையோடு படர்ந்திருந்தால் அந்த இடத்தைச் சுற்றிப் போய்விடுங்கள். குத்தினாலும் ஆழம் போகாது. நின்று தட்டிவிட்டால் விழுந்துவிடும். ஓடினால்தான் அடுத்தடுத்து ஏறும்.

சீமைக்கருவேலம் அப்படியல்ல. முள் நீளம், உள்ளே போய் நுனி ஒடியும், ஒடிந்த இடம் நாள்கணக்கில் கடுகடுக்கும். வேலி வெட்டிப் போட்ட வழியில், குப்பை எரித்த சாம்பல் மேட்டில் கால் வைக்கவே வேண்டாம். ஈச்ச முள் மூட்டுக்கு அருகில் ஏறினால் மூட்டே வீங்கும்.

எடுக்கும் முறை: உட்காருங்கள். ஒற்றைக் காலில் நின்றபடி பிடுங்கினால் பாதி உள்ளே நிற்கும். முதலில் மேலே இருக்கும் மண்ணை மட்டும் துடைத்துவிட்டு, முள் எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். முள்வாங்கியால் அதே சாய்வில் இழுங்கள். நேர்மேலே இழுத்தால் ஒடியும். வெளியே தலை இல்லையென்றால், கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் முள்ளின் மேலுள்ள தோலை நீளவாக்கில் மட்டும் கீறி, தலையைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். சுற்றிலும் பிதுக்கக் கூடாது. எடுப்பதற்கு முன் காலைத் தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. மரச்சத்து உள்ள முள் நீரில் ஊதி, நொறுங்கும். எருக்கம்பால் வைக்கிற வழக்கம் ஊர்ப்பக்கம் உண்டு. தோலைப் புண்ணாக்கும், கை பட்டுக் கண்ணுக்குப் போனால் பெரிய வம்பு. வேண்டாம். எடுத்த பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி ஒரு சொட்டு.

மூன்று நாளாகியும் வலியும் வீக்கமும் இருந்தால் மருத்துவரிடம் ‘முள்’ என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரியும். கண்ணாடிச் சில்லு என்றால் பெரும்பாலும் எக்ஸ்ரேயிலேயே தெரியும்.

மார்ச் 19, புதன்

ஆணி ஏறினால் துருவைப் பார்த்துப் பயப்படுவார்கள். துரு குற்றவாளி இல்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் வித்துகள், காற்றுப் புகாத ஆழமான குத்துக்குள் போய் முளைப்பதுதான் ரணஜன்னி (டெட்டனஸ்). பார்வைக்குச் சுத்தமான முள்ளும் அதைச் செய்யும். கடைசித் தடுப்பூசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் நடை தொடங்குமுன் போட்டுக்கொள்ளுங்கள். அழுக்கான ஆழக் குத்து என்றால் 5 வருடம் கடந்திருந்தாலே போட வேண்டும். ரணஜன்னியை மட்டும் தடுக்கும் பழைய டிடி ஊசிக்குப் பதில் இப்போது டிடியோடு தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்ந்த ஊசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

நான்காம் வாரத்தில் எல்லோருக்கும் வருவது கல் தடுக்கல். பெருவிரல் நகக்கண்ணில் இடித்து ரத்தம் கட்டும். காரணம் கல் அல்ல, களைப்பு. முட்டியை மடக்கித் தூக்காமல் பாதத்தை இழுத்து நடக்கத் தொடங்கும்போது விரல் நுனி தரையை உரசும். நகத்தை நேராக, குட்டையாக வெட்டியிருந்தால் பாதி சேதம் குறையும்.

சரளையில் இறங்கினால் எட்டு இன்னும் குறுகட்டும், முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். பாதம் முழுதும் தரையைத் தொட்ட பிறகே எடையை மாற்றுங்கள். கூர்மை தெரிந்தால் எடை போகுமுன் காலை எடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஊன்றிய காலில் திரும்பாதீர்கள். உள்ளங்கால் தரையோடு நின்று, எலும்பு மட்டும் திரும்பினால் தோல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுகும். கொப்புளம் அங்கேதான் எழும். திரும்பக் காலைத் தூக்கி வையுங்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோடை மழை வந்தால் மண் வாசனையோடு இன்னொன்றும் வரும். கொக்கிப்புழுவின் இளம்புழு, மனிதக் கழிவு கலந்த, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் உயிரோடு இருந்து, விரலிடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து உள்ளே போகும். வெயிலில் காய்ந்து வெடித்த தரையில் அது பிழைக்காது. அதனால் பயப்பட வேண்டியது நடுமைதானத்துக்கு அல்ல, மரத்தடிக்கும் புதரோரத்துக்கும் ஆட்கள் ஒதுங்கும் கண்மாய்க் கரைக்கும்தான். தோல் வழியாகப் புழு ஏறுகிறது என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் கண்டவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். புழு வளர்த்த நீர் கையில் சிந்தி, அரிப்பு எடுத்ததிலிருந்து பிடித்த தடயம் அது. மழைக்குப் பின் நடந்து விரலிடுக்கில் சிவந்த பொட்டும் கடும் அரிப்பும் வந்தால், சில வாரம் கழித்து மலப் பரிசோதனை செய்யுங்கள். மருந்து அல்பெண்டசோல், மருத்துவர் சொல்லி எடுப்பது.

சேற்றுப்புண் வேறு. விரலிடுக்கு ஈரத்தில் ஊறி வெளுத்துப் பிய்வது. வரப்பில் நடந்துவிட்டு வந்தால் கழுவுவது பாதி வேலை, துணியால் ஒவ்வொரு இடுக்காகத் துடைப்பது மீதி. கணுக்கால் அளவு தேங்கிய தெருத்தண்ணீரில் புண்ணுள்ள காலை வைக்கவே கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியில் வரும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சூடு. கிரிவலத்தில் காலைக் கெடுப்பது முள்ளைவிட இதுதான்.

வெயிலில் கிடக்கும் தார் காற்றைவிட 20 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சூடாவது சாதாரணம். 60 டிகிரியில் தோல் வேகச் சில விநாடி போதும். 44 டிகிரியில் அதற்குப் பல மணி நேரம் ஆகும். இடைப்பட்ட சூடுதான் ஏமாற்றும். ‘தாங்குகிறதே’ என்று நடக்கும்போதே உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

ஒரே வெயிலில் கிடந்தாலும் கருங்கல் புழுதியைவிட அதிகம் சுடும். கல் தன் சூட்டைச் சட்டென்று காலுக்குத் தள்ளும். புழுதியில் காற்று கலந்திருப்பதால் தள்ளுவது மெல்ல. கோயில்களில் வெள்ளைப் பூச்சு அடித்து வழி போடுவதும், தேங்காய் நார் விரிப்பில் தண்ணீர் தெளிப்பதும் இதற்காகத்தான். வெள்ளைப் பூச்சு நனைந்தால் வழுக்கும், கவனம்.

சோதனை எளிது: புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து விநாடி எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியாத தரையில் நடக்க வேண்டாம். சூரியன் மறைந்ததும் தார் ஆறிவிடாது. இரவு எட்டு மணிக்கும் கதகதப்பு இருக்கும். அதிகாலை மூன்று மணிக்கும் ஆறுக்கும் நடுவில்தான் தார் நல்லபிள்ளை. அப்போது அதன் சொரசொரப்பு ஆற்று மணலில் நடப்பதுபோல் உள்ளங்காலை நீவிவிடும்.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், மாவும் வேண்டாம். கொப்புளத்தின் மேல்தோல் மருந்துக் கட்டு மாதிரி. உரிக்காதீர்கள். நடக்கவே விடாமல் விம்மி நின்றால் மட்டும், சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, தோலை அப்படியே படிய விட்டு மூடிக் கட்டுங்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எட்டாம் வாரத்தின் இரண்டு மணி நேர நடையை இரவுத் தார்ச்சாலையில் வையுங்கள். விளக்கு இல்லாத ஊர்ப்பாதை என்றால் டார்ச்சை இரண்டு மீட்டர் முன்னால் தரையில் அடித்து, கையில் கோல் வைத்துத் தட்டிக்கொண்டு போங்கள். வெறுங்கால் நடையில் அதிர்வு குறைவு, பாம்புக்கு முன்னறிவிப்பும் குறைவு. கண்ணாடிவிரியன் குக்கர் விசில்போல் சீறும், சுருட்டைவிரியன் உடலை உரசி ஒலி எழுப்பும், கட்டுவிரியன் ஒன்றுமே சொல்லாது. இருட்டில் புல்லில் கால் வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. கடித்தால் கீறாமல், கயிறு கட்டாமல், காலை அசைக்காமல் கட்டையோடு சேர்த்துக் கட்டி, 108-ஐ அழைத்து மருத்துவமனை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. இந்த வாரம் தூரம் பாதியாகட்டும். இரவில் விளக்கெண்ணெய் தேய்க்கலாம். உள்ளங்கால் தோலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, வியர்வைச் சுரப்பிதான் உண்டு. பித்தவெடிப்பு அந்த வறட்சியால் வருவது. நடக்கப்போகும் இரவு மட்டும் எண்ணெய் வேண்டாம், மென்மையான தோல் சீக்கிரம் கொப்புளிக்கும்.

பையில்: முள்வாங்கி, ஊசி, சிறு டார்ச், பொவிடோன் அயோடின், காகித பிளாஸ்திரி ஒரு சுருள், ஓ.ஆர்.எஸ். இரண்டு பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீர், காய்ந்த துணி. அப்புறம் ரப்பர் செருப்பு. அது தோல்விக்கான ஏற்பாடு அல்ல. பாதியில் ஒரு வெட்டுப்பட்டால் மீதித் தூரத்தை எப்படிக் கடப்பது?

மே 11, ஞாயிறு

இன்று இரவு எட்டு மணியையொட்டிப் பௌர்ணமி தொடங்கி, நாளை இரவு பத்து மணிக்கு மேல்தான் முடிகிறது. முன்னிரவில் கிளம்ப அவசரம் வேண்டாம். தார் ஆறட்டும். நள்ளிரவுக்குப் பின் இறங்கினால் நான்கைந்து மணி நேரத்தில், வெயில் ஏறுமுன், முடித்துவிடலாம்.

கூட்டத்தில் தரை தெரியாது. அதனால் பெரிய எட்டு வைக்காமல், விரல் இடிக்காதபடி பாதத்தைத் தரையோடு ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். பின்னால் வருபவரின் செருப்பு குதிகாலை மிதிப்பதும், நிற்கிறவர் விரலை நசுக்குவதும் நடக்கும். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடங்களிலும் எண்ணெயும் சிந்திய தண்ணீரும் எரியும் சூடத் துண்டும் இருக்கும். சந்நிதி முன் மட்டும் குனிந்து பார்த்து நடங்கள். அன்னதானப் பந்தல் அருகே வாழையிலையும் சாம்பாரும் சேர்ந்த தரை, ஈரமான டைல்ஸைவிட மோசம்.

எங்காவது ஓரிடம் மட்டும் தனியாகச் சுடத் தொடங்கினால் அப்போதே உட்கார்ந்து, துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். அரை கிலோமீட்டர் தள்ளிப்போட்டால் அது கொப்புளமாகிவிடும்.

மே 13, செவ்வாய்

நடந்த காலைச் சுடுநீரில் போடாதீர்கள், சிராய்ப்பெல்லாம் எரியும். சாதாரணத் தண்ணீர், சோப்பு, பழைய பல் பிரஷால் நக ஓரம், பிறகு கண்ணாடி. கறுப்புப் புள்ளி தெரிந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். போனால் தார், போகாவிட்டால் முள்ளோ கல்லோ. தாரை மண்ணெண்ணெயால் தேய்க்க வேண்டாம், தேங்காய் எண்ணெயில் பத்து நிமிடம் ஊறினால் வழித்து எடுக்கலாம். கெண்டைக்கால் வலி இரண்டாம் நாள் கூடி, நாலாம் நாள் போய்விடும். பாதத்தில் போகாத வலி என்றால் மார்ச் 1 குறிப்பின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்.