அறிகுறி இல்லாதவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

முதல்நிலை மருத்துவராக நான் பணியாற்றத் தொடங்கிய ஆண்டுகளில், இளம் வயதினர் யாரேனும் தாமாகவே எரிச்சல், புண், வெள்ளைப்படுதல் என்று சொன்னால் மட்டுமே பாலியல் தொற்றுக்கான பரிசோதனையைப் பற்றி நினைப்பேன். அவர்கள் சொல்லாததை நான் கேட்டதில்லை. கேட்டால் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சினேன். பல ஆண்டுகளுக்குப் பின், குழந்தைப்பேறு வாய்க்காமல் வந்த ஒரு பெண்ணின் கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருந்ததாகவும், அதற்கு முன்னொரு காலத்துத் தொற்று காரணமாக இருக்கலாம் என்றும் சிறப்பு மருத்துவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். இருபது வயதில் சளிக்கும் தலைவலிக்கும் அவர் பலமுறை என்னிடம் வந்திருக்கிறார். ஒருமுறையேனும் நான் கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்றுவரை நீங்கவில்லை.

பாலுறவால் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கும் ஆண்களில் பலருக்கும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. வலி இல்லாததால் அவர்கள் மருத்துவரைத் தேடுவதில்லை. ஆனால் கிருமி கருப்பைவாயிலிருந்து மேலேறினால் கருப்பை, கருக்குழாய்ப் பகுதியில் அழற்சி (இடுப்பழற்சி), நாட்பட்ட வலி, கருப்பைக்கு வெளியே கரு தங்குதல், மலட்டுத்தன்மை ஆகியவை நேரக்கூடும். கிளமிடியா, கொனோரியா, சிஃபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கு பாலியல் தொற்றுகளும் குணப்படுத்தக்கூடியவை. இருந்தும் 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடையே இவை ஏறத்தாழ 37 கோடியே 40 லட்சம் புதிய தொற்றுகளை ஏற்படுத்தியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 25 வயதுக்குட்பட்ட, பாலுறவில் ஈடுபடும் பெண்களுக்கு ஆண்டுதோறும் கிளமிடியா, கொனோரியா பரிசோதனை செய்யுமாறு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைப்பது இதனால்தான்.

அதே வேளையில், பரிசோதனைகளைப் பெருக்கினால் சமூகத்தில் தொற்றே அருகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியாவின் பொதுமருத்துவ நிலையங்களில் 16 முதல் 29 வயதுக்குட்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான பெரிய ஆய்வில், கிளமிடியாவின் பரவல் அவ்வாறு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இங்கிலாந்தும் 2003இல் இருபாலருக்குமாகத் தொடங்கிய கிளமிடியா பரிசோதனைத் திட்டத்தின் நோக்கத்தை 2021இல் மாற்றி, பெண்களின் இனப்பெருக்க நலத்தைக் காப்பதை முதன்மையாக்கிக்கொண்டது. எனக்கும் அந்த நோக்கமே போதுமானது: எதிரே அமர்ந்திருக்கும் இந்த ஒருவரின் உடலுக்குத் தீங்கு நேரக்கூடாது.

கேட்கும் முறையில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. உடன் வந்த பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்வதை எல்லா இளையோருக்கும் பொதுவான நடைமுறையாக்கினேன். ஒருவருக்கு மட்டும் செய்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். நாம் பேசுவது வெளியே போகாது என்பதையும், அவருக்கோ பிறருக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் நான் பிறரிடம் சொல்ல நேரும் என்பதையும் கேள்விக்கு முன்பே தெரிவித்துவிடுகிறேன். பதினேழு வயதினரையும் "நீங்கள்" என்றே அழைக்கிறேன். இந்தக் கேள்வியை "நீ" என்று தொடங்கினால் அது விசாரணையாகவே ஒலிக்கிறது. "பால்வினை நோய்" என்ற சொல்லையும் கைவிட்டேன். அதிலுள்ள "வினை" செய்த பாவத்தின் பலன் என்ற தொனியைச் சுமந்து வருவதாக எனக்குத் தோன்றுவதால், "பாலியல் தொற்று" என்கிறேன். "இந்த வயதில் வரும் எல்லோரிடமும் கேட்பது என் வழக்கம், விருப்பமில்லையென்றால் பதில் சொல்ல வேண்டாம்" என்று தொடங்கினால் பெரும்பாலோர் பேசுகிறார்கள். எத்தகைய உறவு என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டும், ஏனெனில் தொண்டையிலோ மலக்குடலிலோ உள்ள தொற்று சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது.

பரிசோதனை எளிது. பெண்கள் தாமே எடுக்கும் யோனிப் பஞ்சுக்குச்சி மாதிரி, மருத்துவர் எடுப்பதற்கு இணையான துல்லியம் உடையது. ஆண்களுக்குச் சிறுநீர் போதும், ஆனால் இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது: சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு நடுப்பகுதிச் சிறுநீரைக் கேட்டுப் பழகிய நாம் இதற்கும் அதையே கேட்டுவிடுகிறோம். இதற்கு வேண்டியது ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமலிருந்து, பின்னர் முதலில் வெளியேறும் சிறிதளவு சிறுநீர்தான். சிஃபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுக்க வேண்டும். உறவு கொண்ட மறுநாளே செய்யும் பரிசோதனை தொற்றைத் தவறவிடக்கூடும் என்பதால், கிளமிடியாவுக்கு இரண்டு வாரம் கழித்து மீண்டும் செய்யச் சொல்கிறேன்.

கிளமிடியா உறுதியானால், கர்ப்பமில்லாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை ஏழு நாட்கள் தருவதே வழக்கம். துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். அவரிடம் எப்படிச் சொல்வது என்பதே பலருக்கும் மருந்தைவிடக் கடினமாக இருக்கிறது என்பதால், சொல்ல வேண்டிய சொற்களை இருவரும் சேர்ந்து யோசிக்கிறோம். மீண்டும் தொற்றுவது மிகச் சாதாரணம். ஆகவே மருந்துச் சீட்டை எழுதும்போதே மூன்று மாதம் கழித்துச் செய்ய வேண்டிய மறுபரிசோதனையின் நாளையும் குறித்துக்கொண்டு, நினைவூட்டலை எந்த எண்ணுக்கு, எந்தச் சொற்களில் அனுப்பலாம் என்று கேட்கிறேன். வீட்டில் பிறர் கைபேசியைப் பார்ப்பார்கள் என்று பலர் சொல்வதால், "மருத்துவரைச் சந்திக்க வேண்டிய நாள்" என்று மட்டும் அனுப்புகிறோம்.