மோசேயின் வம்ச அட்டவணை: மூன்றாவது தாள்

வேதாகமத்தில் இஸ்ரவேலரை எகிப்திலிருந்து வெளியே நடத்திவந்த மோசேயின் முன்னோரையும் உறவுகளையும் ஒரே தாளில் வரைந்துவிட வேண்டும் என்று தொடங்கி, இப்போது மூன்றாவது தாளில் இருக்கிறேன். முதல் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவற்றில் எங்கே இடித்தது என்பதுதான் இந்தத் தாளுக்கு வழி காட்டியது.

முதல் தாளின் மேல்பாதி ஒரே மாலையில் முடிந்தது. யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு லேவி, கோகாத், அம்ராம், மோசே என்று ஒன்றின்கீழ் ஒன்றாக நான்கு கட்டங்கள் போட்டேன். கோகாத்தின் மற்ற மகன்கள் இத்சேயார், எப்ரோன், ஊசியேல். இத்சேயாரின் கீழே கோராகு என்று எழுதும்போது கை நின்றது. வனாந்தரத்தில் மோசேயை எதிர்த்து எழும்பிய அந்தக் கோராகு, அவருடைய சொந்தச் சித்தப்பா மகன்! எத்தனையோ முறை வாசித்த கதை. அது பங்காளிச் சண்டை என்பது கட்டம் போட்ட பிறகுதான் உறைத்தது.

தாயை எங்கே வைப்பது என்று வந்தபோது தாள் கெட்டது. பிறப்பைச் சொல்லும் 2ஆம் அதிகாரத்தில் பெற்றோருக்குப் பெயரே இல்லை. லேவி குடும்பத்தான் ஒருவன், லேவியின் மகள் ஒருத்தி, அவ்வளவுதான். பெயர்கள் 6:20இல் வருகின்றன: அம்ராம் தன் அத்தையான யோகெபேத்தை மணந்தான். அவள் எகிப்தில் லேவிக்குப் பிறந்தவள் என்கிறது எண்ணாகமம் 26:59. அப்படியானால் அவளுடைய கட்டம் கணவனுக்கு ஒரு படி மேலே, கோகாத்தின் வரிசையில் வர வேண்டும். கோடுகளை இழுத்துப் பார்த்தால் மோசே தாய்வழியில் லேவிக்குப் பேரன், தந்தைவழியில் கொள்ளுப்பேரன். கோகாத் அவருக்குத் தாத்தா, தாய்மாமனும்கூட.

லேவியராகமம் 18:12 இந்த மண உறவைத் தடை செய்கிறது. அந்தச் சட்டம் யார் கையால் வந்ததோ அவரே இப்படியொரு மணத்தில் பிறந்தவர். அதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். செப்துவஜிந்த் என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பு மட்டும் 6:20இல் யோகெபேத்தைத் தகப்பனுடைய சகோதரனின் மகள் என்கிறது. எபிரேயர்களிடையே அது செல்லும் முறை. செலொப்பியாத்தின் மகள்கள் தங்கள் தகப்பனின் சகோதரர் மகன்களைத்தான் மணந்தார்கள். தமிழ் வாசகருக்கோ அவள் தங்கை முறை ஆகிவிடுகிறாள்! நம் கணக்கில் இரண்டுமே ஆகாத முறைகள். நான் எபிரேய வாசகத்தின்படியே அத்தையாக வரைந்தேன்.

இரண்டாவது தாளுக்கு வரைபடத் தாள்கள் இரண்டை நீளவாக்கில் ஒட்டிக்கொண்டேன். ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் ஆண்டு. லேவியின் தகப்பன் யாக்கோபின் குடும்பம் எகிப்துக்குள் நுழைந்த நாள் பூஜ்யம். லேவியின் ஆயுள் 137, கோகாத்துக்கு 133, அம்ராமுக்கு 137. எகிப்திய மன்னன் பார்வோனிடம் பேசப் போனபோது மோசேக்கு வயது 80. கோகாத் நுழையும்போது கைக்குழந்தை, ஒவ்வொரு தகப்பனுக்கும் சாகும் ஆண்டில்தான் மகன் பிறந்தான் என்று எவ்வளவு இழுத்தாலும் கோடு 350இல் முடிந்துவிட்டது. ஆனால் யாத்திராகமம் 12:40 எகிப்தில் குடியிருந்த காலம் 430 ஆண்டு என்கிறது. மீதி 80 மில்லிமீட்டர் வெறுமையாகக் கிடந்தது.

இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு யோகெபேத்தின் கோட்டைச் சேர்த்தேன். அதற்குப் பின்தான் வேலை சூடு பிடித்தது. நுழையும்போது லேவியின் தம்பி யோசேப்புக்கு 39 வயது. லேவி சில ஆண்டுகள் மூத்தவர், ஏறக்குறைய 43. ஆகவே எகிப்தில் அவர் வாழ்ந்தது சுமார் 94 ஆண்டு. கடைசி ஆண்டில் யோகெபேத் பிறந்தாள் என்று வைத்தாலும், 430 கணக்கில் மோசேயைப் பெறும்போது அவளுக்கு 256 வயது! ஆண்களின் ஆயுளை மட்டும் கூட்டியபோது 80 ஆண்டு இடைவெளி. அவளைச் சேர்த்ததும் கணக்கு முழுவதும் சரிந்தது.

செப்துவஜிந்தும், சமாரியர் காத்துவரும் எபிரேய வாசகமான சமாரியப் பிரதியும் 12:40இல் கானானையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆபிரகாம் கானானுக்கு வந்தது முதல் ஈசாக்கின் பிறப்பு வரை 25, யாக்கோபின் பிறப்பு வரை 60, எகிப்துக்குப் போகும் வரை 130, மொத்தம் 215. எகிப்துக்கு மிஞ்சுவது 215. இதன்படி மோசே பிறந்தது 135ஆம் ஆண்டில், தாய்க்குக் குறைந்தது 41 வயதில். ஆனால் அதற்கு லேவி 137 வயதில் தகப்பனாக வேண்டும். யூத மரபோ எகிப்தில் 210 ஆண்டு என்று கொண்டு, நுழைவாயிலிலேயே பிறந்த யோகெபேத் 130 வயதில் மோசேயைப் பெற்றாள் என்கிறது.

நடுவில் சில தலைமுறைகள் விடுபட்டிருக்கலாம் என்போரும் உண்டு. அவர்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. வனாந்தரக் கணக்கெடுப்பில் கோகாத்தின் நான்கு கிளைகளில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஆண்கள் 8,600 பேர்; மோசேயின் தாத்தா ஒருவரின் வழியில் அதற்குள் இத்தனை பேர் பெருகுவது கடினம். வனாந்தரத்து வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேல், லேவியின் சகோதரன் யூதாவிலிருந்து ஏழாவது ஆள். அதே காலத்து மோசே லேவியிலிருந்து நான்காவது. நான் இந்தப் பக்கமே சாய்கிறேன். அதனால் மூன்றாவது தாளில் கோகாத்துக்கும் அம்ராமுக்கும் நடுவே புள்ளிக்கோடு.

இன்னொரு புள்ளிக்கோடும் உண்டு, பார்வோன் மகளுக்கு. மூன்று மாதம் ஒளித்து வைத்த பிள்ளையை, பிசினும் கீலும் பூசிய நாணல் பெட்டியில் தாய் விட்டாள். பார்வோன் மகள் எடுத்தாள், பெற்றவளுக்கே கூலி கொடுத்துப் பாலூட்ட வைத்தாள். பெற்றோர் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பது வேதாகமத்தில் எங்கும் எழுதப்படவில்லை. மோசே என்பது பார்வோன் மகள் இட்ட பெயர். எபிரேயத்தில் நீரிலிருந்து இழுத்தெடுப்பதைக் குறிக்கும் சொல்லோடு சேர்கிறது. எகிப்திய மொழியில் தோத்மோஸ், ராம்சேஸ் பெயர்களில் உள்ள, 'பிறந்தவன்' என்னும் பொருள்தரும் பகுதியோடும் ஒலிக்கிறது. அவளுக்கு யாத்திராகமம் பெயர் தரவில்லை. மோசேக்கு இடப்பக்கம், யோகெபேத்தின் கட்டம் எவ்வளவு பெரிதோ அதே அளவில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

வலப்பக்கம் மனைவி சிப்போராள், மகன்கள் கெர்சோம், எலியேசர் வரை வந்துவிட்டது. மாமனார் ஓரிடத்தில் ரெகுவேல், ஓரிடத்தில் எத்திரோ. அந்த இடம் மட்டும் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.