வண்டி எடுக்காமல் போய்வரப் பழகியது

எட்டு மாதமாக வேலைக்குப் போக நான் கார் எடுப்பதில்லை. கடைக்கு, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பஸ்தான், சில நாள் ரயில். இப்போது பழகிவிட்டது, ஆனால் முதல் மூன்று வாரம் ரொம்பவே கஷ்டப்பட்டேன். அந்த மூன்று வாரத்தில் எங்கே சறுக்கினேன் என்று எழுதி வைத்தால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும்.

முதல் நாள் மேப் ஆப்பைத் திறந்தேன். 38 நிமிடம் என்று காட்டிய வழியை எடுத்துக்கொண்டு, அது சொன்ன நிமிடத்துக்கே கிளம்பினேன். பஸ் எனக்கு முன்னால் போய்விட்டது, அடுத்தது அரை மணி நேரம் கழித்து. ஆப்பில் வரும் நேரம் இரண்டு வகை என்று அப்புறம்தான் புரிந்தது. ஒன்று, போக்குவரத்து நிறுவனம் வெளியிடும் கால அட்டவணை. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய ஜி.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையில்தான் இன்று உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் அதைத் தருகின்றன. இன்னொன்று, பஸ் இப்போது எங்கே வருகிறது என்ற நேரடித் தகவல். அட்டவணை மட்டும் இருக்கும் இடத்தில் இன்றைய நெரிசலைப் பற்றி ஆப்புக்கு எதுவும் தெரியாது. இப்போதெல்லாம் நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்த வகை என்றுதான் பார்க்கிறேன்.

அதைவிட முக்கியம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது என்பது. பயண நேரத்தை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. 10 நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால் சராசரியாக 5 நிமிடம் நிற்போம். அதே வண்டிகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு 20 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் காத்திருப்பு சராசரி 10 நிமிடம் ஆகிவிடும், வண்டிகளின் எண்ணிக்கை குறையவே இல்லை என்றாலும். ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் கூடி, ஏறி இறங்கவே நேரமாகி, இன்னும் தாமதமாகும், பின்னால் வருவது காலியாக வேகமாக வந்து அதைப் பிடித்துவிடும். அதனால் முதல் வண்டி பிதுங்கி வழிந்தால் நான் ஏறுவதில்லை. நேரடித் தகவல் இருந்தால் அடுத்தது பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டு நிற்பேன்.

மாறி ஏறும் பயணத்தில் போவதும் வருவதும் ஒன்றல்ல. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பஸ்ஸில் ஏறி, பிறகு 8 நிமிடத்துக்கு ஒன்று வரும் ரயிலுக்கு மாறுகிறேன், பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலும் ஒன்றும் கெட்டுவிடாது. மாலையில் அதுவே தலைகீழ், ரயில் ஐந்து நிமிடம் தாமதமானால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். ஆகவே மாலைப் பயணத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன்: 6:10 பஸ் வேண்டுமென்றால், அதற்குச் சரியாகப் பொருந்தும் ரயிலை விட்டுவிட்டு அதற்கு முந்தைய ரயில். அதையும் தவறவிட்டால் வேறொரு தடத்து பஸ் இருக்கிறது, அது வீட்டிலிருந்து 900 மீட்டர் தள்ளி இறக்கிவிடும், 11 நிமிட நடை. இந்த மாற்று வழி கையில் இருப்பதே பெரிய தைரியம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே பார்த்துவிடுங்கள், திரும்பும்போது பார்த்துப் பயனில்லை.

புது வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். நடக்கும் தூரம், சாலையைக் கடக்கும் இடம், எந்தப் பக்க நிறுத்தம், எல்லாம் தெரிந்தது. நேரம் மட்டும் ஒத்துவரவில்லை, ஏனென்றால் விடுமுறை நாள் அட்டவணையே வேறு. ஒரு நாள் லீவு போட்டு வேலை நாளில் மறுபடி போய்ப் பார்த்த பிறகுதான் சரியாக அமைந்தது.

சாமான் வாங்குவதை வாரத்துக்கு ஒருமுறை என்பதிலிருந்து இரண்டு முறையாக மாற்றினேன், வேலையிலிருந்து திரும்பும் வழியிலேயே, கையில் தூக்க முடிகிற அளவுக்கு. கனமான பொருளுக்கு இன்னும் கார்தான், அதில் எனக்குத் தயக்கமில்லை.

அம்மா விஷயம்தான் கடைசியாகச் சரியானது. காலை 9 மணி நெரிசலில் அவர்களால் நிற்க முடியாது. மருத்துவமனையில் 11 மணிக்கு நேரம் கேட்டேன், கொடுத்தார்கள். அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்கிறது. சற்று நேரம் கூடினாலும் பரவாயில்லை என்று மாறி ஏறாத ஒரே பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டேன். போன முறை நான் கிளம்பத் தாமதித்தபோது அம்மாதான் ஆப்பைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு, நிதானமா வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துபோனார்கள்.