மொய் நோட்டில் ஏறிய இணைய நிதி

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று நாட்கள் ஓடிக்கொண்டிருந்த நிலையில், அம்மாவின் சிறுநீரகம் பொருந்தும் என்று மருத்துவர்கள் சொன்ன அன்று, மகிழ்ச்சியைவிடச் செலவுக் கணக்குதான் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது. மருத்துவமனையின் மதிப்பீடு 9 லட்சம் ரூபாய். நகைகளை அடகு வைத்ததில் 4 லட்சம் சேர்ந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பேராவூரணியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த தம்பியின் வருமானமோ அதைத் தாண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் இத்தகைய நெருக்கடிக்கு ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள்; வந்தவர்கள் எழுதும் பணத்தைப் பின்னால் அவர்கள் வைக்கும் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும். ஆனால் ஆடி பிறக்க இன்னும் ஐந்து மாதம் இருந்ததால், இணையத்தில் நிதி திரட்டும் தளம் ஒன்றை நாடினோம்.

முத்திரையும் தேதியும் இட்ட மதிப்பீட்டுக் கடிதம், ஆதார், மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றைக் கொடுத்ததும், தளத்தினர் மருத்துவமனையைத் தொடர்புகொண்டு சரிபார்த்தார்கள். அவர்களே எழுதித் தந்த வேண்டுகோளில் தம்பி வரிக்கு வரி அழுதுகொண்டிருந்தான். "அண்ணே, என்னைப் படுக்கையில வச்சு மட்டும் படம் போடாதீங்க" என்று அவன் கேட்டுக்கொண்டதால், கடையில் சால்டரிங் கம்பியோடு அவன் குனிந்திருக்கும் படத்தைப் போட்டு, நோய் என்ன, செலவு எவ்வளவு, எங்கள் பங்கு எவ்வளவு, மீதி ஏன் தேவை என்று தமிழில் நானே எழுதினேன். அறுவைக்குப் பிந்தைய முதல் ஆறு மாத மருந்துச் செலவையும் சேர்த்து 6 லட்சம் என்று இலக்கு வைத்தோம்.

பக்கத்தை வெளியிடுவதற்கு முதல் நாள் அப்பா சொன்ன யோசனைதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி. வெறும் மொய் நோட்டில் முதல் பெயரை எழுத யாரும் முன்வர மாட்டார்கள் என்றார் அவர். அதனால் தாய்மாமன் தொடங்கிப் பன்னிரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி, முதல் ஒரு மணி நேரத்தில் அவர்களைச் செலுத்த வைத்தோம். வெளியார் பார்த்தபோது பக்கத்தில் 74,000 ரூபாய் இருந்தது.

ஆறாம் நாள் 1,80,000 ரூபாயில் எல்லாம் நின்றுபோனது. வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் போட்டதற்குக் கைகூப்பும் படங்கள் ஏராளமாக வந்தன, பணம் வரவில்லை. அதன்பின் ஒவ்வோர் இரவும் நாற்பது பேருக்கு, பெயர் சொல்லி, எங்களுக்குள் இருந்த பழக்கத்தை நினைவுபடுத்தித் தனித்தனியாக எழுதினேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் பத்தாண்டுகளாகப் பேசாத பள்ளித் தோழன் ஒருவன் 10,000 ரூபாய் அனுப்பியதோடு நில்லாமல், தன் அலுவலகத்திலும் சொல்லி வைத்தான். உறுப்பு தானத்துக்கு அனுமதி கிடைத்தது, முன்பணம் கட்டியது என ஒவ்வொன்றையும் ரசீதுப் படத்தோடு பக்கத்தில் பதிவிட்டபோதெல்லாம், முன்பு கொடுத்தவர்களே அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள்.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். "ஐந்நூறுதானே அனுப்புனேன், ஐந்நூற்று எண்பது போயிருக்கேப்பா?" என்று சித்தப்பா தொலைபேசியில் கேட்டார். தளத்துக்கான அன்பளிப்பு என்ற பெயரில் ஒரு தொகை முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருந்ததும், அதைப் பூஜ்ஜியமாக மாற்ற முடியும் என்பதும் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு செய்தியிலும் அதை மாற்றும் முறையை எழுதினேன். சித்தப்பாவின் எண்பது ரூபாயை நான் கொடுக்கப்போனபோது அவர் வாங்க மறுத்துவிட்டார்.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் பெறும் தொகை வருமான வரிக்கு உட்படக்கூடும் என்று ஆடிட்டர் எச்சரித்ததால், பணத்தை நேரடியாக மருத்துவமனைக் கணக்குக்கே செலுத்தும்படி தளத்திடம் கேட்டு, எல்லா ரசீதுகளையும் கோப்பில் வைத்தோம். தனிநபர் சிகிச்சைக்குக் கொடுப்பதற்கு, நன்கொடையாளருக்கான 80ஜி வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும், கேட்டவர்களிடம் மறைக்காமல் சொன்னோம்.

இருபத்து மூன்றாம் நாள் இலக்கு நிறைந்தது. அறுவை முடிந்து அம்மாவும் தம்பியும் வீடு திரும்பிய வாரத்தில், அப்பா புதிய நோட்டு ஒன்றை வாங்கி வந்து, நான் பெயர்களை வாசிக்க வாசிக்க ஊர்ப் பெயரோடு எழுதினார். பெயர் வெளியிடாமல் கொடுத்த முப்பத்தேழு பேரிடம் வந்ததும், "இவங்களுக்கு எப்படித் திருப்பிச் செய்யறது?" என்று கேட்டுவிட்டு, முப்பத்தேழு வரிகளில் தொகையை மட்டும் எழுதி, பெயர் எழுத வேண்டிய இடங்களைக் காலியாக விட்டார்.